கடைசி நாளின் கிலோமீட்டர்கள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். நாகர்கோவிலில் இருந்து எழுதுகிறேன். இந்த ஆவணியில் லடாக் வரை மோட்டார் சைக்கிளில் தனியாகப் போய்த் திரும்பினேன். போன கதையைக் கேட்க நிறையப் பேர் இருக்கிறார்கள். திரும்பி வந்த கடைசி நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எல்லோரும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

லேயிலிருந்து மணாலி, அம்பாலா, டெல்லி, நாக்பூர், ஹைதராபாத் வழியாக இறங்கினேன். மலையில் சில நாட்கள் நூற்றைம்பது கிலோமீட்டர்தான் ஓட்டினேன். சமவெளியில் நானூறு, நானூற்றைம்பது. கடைசி நாள் மட்டும் ஆந்திரத்தின் அனந்தபூரில் அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி அன்றைக்கே வீடு சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்தேன். இரவு எட்டு மணிக்கு வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். தொப்பூர் இறக்கத்தில் பின்னால் வந்த ஒரு லாரி வேகம் குறையாமல் நெருங்கியதால் இடப்பக்கம் ஒதுங்கினேன். சரளையில் வண்டி வழுக்கி, எப்படியோ விழாமல் நின்றது. அதன் பிறகு கயத்தாறு வரை எதுவும் சரியாக நினைவில் இல்லை. எட்டு மணியளவில் கயத்தாற்றைத் தாண்டி ஒரு சாயக்கடையில் (தேநீர்க் கடையில்) நிறுத்தினேன். எழுந்திருக்க மனம் வரவில்லை. சோர்வு என்று அதைச் சொல்ல முடியாது, துக்கம். இத்தனை நாளும் எனக்குள் இருந்த பயணி அந்த பெஞ்சில் இறந்துவிட்டான் என்று தோன்றியது. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி கிளம்பினேன்; வீடு சேர நள்ளிரவு ஆகிவிட்டது. "வீட்டுக்கு நூறு கிலோமீட்டர் கெடக்கச்சில எவனாவது ஒண்ணர மணிக்கூர் சாயக்கடையில இருப்பானாடே?" என்று அண்ணன் சத்தம் போட்டான்.

எனக்கு வீடு பிடிக்கவில்லையோ என்று பயமாக இருக்கிறது. பயணம் எழுதுகிறவர்கள் ஏன் கடைசி நாளை எழுதுவதில்லை? அடுத்த ஆண்டு அருணாசலப் பிரதேசத்தின் தவாங் போகத் திட்டமிட்டிருக்கிறேன். அப்போதும் இப்படித்தான் ஆகுமா?

பி.கு.: வண்டியை இன்னும் கழுவவில்லை. லடாக் புழுதி அப்படியே இருக்கிறது. கழுவ மனம் வரவில்லை.

கே.,
நாகர்கோவில்

அன்புள்ள தம்பி கே.,

உங்கள் கடிதத்தில் துக்கம், மரணம், வெறுப்பு என்று பெரிய சொற்கள் வருகின்றன. அவற்றுக்குப் பிறகு வருகிறேன். என்னை அச்சுறுத்தியது அந்தச் சொற்கள் எதுவும் அல்ல. "அதன் பிறகு கயத்தாறு வரை எதுவும் சரியாக நினைவில் இல்லை" என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்களே, அந்த ஒற்றை வரிதான். தொப்பூரிலிருந்து கயத்தாறு ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர். சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, விருதுநகர், கோவில்பட்டி என்று அத்தனை ஊர்களையும், பரமத்தி வேலூரை ஒட்டிக் காவிரியையும் தாண்டி வந்திருக்கிறீர்கள். மலைப்பாதையின் ஒவ்வொரு நீரோடையையும் நினைவில் வைத்திருக்கும் ஒருவருக்குக் காவிரியைக் கடந்தது நினைவில்லை என்றால், அந்த நானூறு கிலோமீட்டரை ஓட்டியது யார் என்று நாம் இருவரும் சற்று யோசிக்க வேண்டும்.

முதலில் தூரக் கணக்கைப் பார்ப்போம். அனந்தபூரிலிருந்து பெங்களூர் 215 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து நாகர்கோவில் 650 கிலோமீட்டருக்கு மேல். ஆக ஒரே நாளில் 870 கிலோமீட்டர் அளவில் ஓட்டத் திட்டமிட்டிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய எந்த நாளிலும் நீங்கள் ஓட்டிய தூரத்தைப்போல் இது ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஹைதராபாதிலிருந்து பெங்களூருக்கு ஒரே மூச்சில் வருவதைப் பற்றி நீங்கள் யோசித்திருக்கக்கூட மாட்டீர்கள் என்பதால்தான் அனந்தபூரில் தங்கினீர்கள். அந்த நிதானம் மறுநாள் அதிகாலை நான்கு மணிக்கு எங்கே போயிற்று? மற்ற நாட்களின் முடிவில் அறை தேட வேண்டும், வண்டி நிறுத்தப் பாதுகாப்பான இடம் வேண்டும், இருட்டுவதற்குள் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற நெருக்கடிகள் இருந்தன. அவைதான் உங்கள் தூரத்தை அளவிட்டுக் கொடுத்தன. வீட்டில் எந்நேரமும் கதவு திறக்கும் என்பதால் கடைசி நாளுக்கு அந்த அளவுகோல் இல்லாமல் போய்விடுகிறது. தனியாக நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் கடைசி நாளைத்தான் மிக நீண்ட நாளாக்கிக்கொள்கிறார்கள். உடலும் வண்டியும் மிகவும் தேய்ந்திருக்கும் நாளில் அவற்றிடம் மிக அதிகமாகக் கேட்கிறோம். நியாயப்படி அதுதான் மிகக் குறுகிய நாளாக இருக்க வேண்டும்.

ஒரே நாளில் இதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு ஓட்டுகிறவர்கள் இல்லையா என்று உங்கள் நண்பர்கள் கேட்கக்கூடும். இருக்கிறார்கள். அமெரிக்காவின் அயர்ன் பட் அசோசியேஷன் 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது 1,600 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓட்டுகிறவர்களுக்கு சேடில்சோர் என்ற பெயரில் சான்றிதழ் கொடுக்கிறது. இந்தியாவிலும் பலர் அதை வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் நன்றாகத் தூங்கி எழுந்து, புது டயரும் சரி பார்த்த பிரேக்கும் உள்ள வண்டியில், எங்கே பெட்ரோல் போடுவது, எங்கே தண்ணீர் குடிப்பது என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு அதைச் செய்கிறார்கள். வாரக்கணக்கில் மலையிலும் சமவெளியிலும் அலைந்துவிட்டு, அம்மா சோறு வைத்துக் காத்திருக்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காக அதைச் செய்வதில்லை.

தொப்பூருக்கு வருகிறேன். அந்தக் கணவாயைப் பற்றி நம் ஊர்ப் பக்கத்து லாரி ஓட்டுநர்கள் சொல்லாதது எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. ஆனாலும் உங்களுக்கு அன்று நடந்தது தற்செயல் அல்ல என்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டும். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும்போது சாலை அங்கே தொடர்ச்சியாக இறங்குகிறது, இறங்கிக்கொண்டே வளைகிறது. வட மாநிலங்களிலிருந்து பாரம் ஏற்றிக்கொண்டு வரும் லாரிகளில் சில, டீசலை மிச்சப்படுத்துவதற்காக நியூட்ரலில் இறங்குகின்றன. இன்னும் துணிந்தவர்கள் எஞ்சினையே அணைத்துவிடுகிறார்கள். கியரில் இருந்தால் எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுக்கும். நியூட்ரலில் அந்தப் பிடிமானம் இல்லை, மொத்தப் பாரத்தையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் டிரம் சூடாகும். சூடேறிய லைனிங் பிடிக்காது. எஞ்சினை அணைத்திருந்தால் ஏர் பிரேக்குக்கு வேண்டிய காற்றும் புதிதாக நிரம்பாது, ஒவ்வொரு மிதிக்கும் அது குறைந்துகொண்டே போகும். இரட்டைப் பாலம் நெருங்கும்போது அந்த ஓட்டுநரால் வேகத்தைக் குறைக்க முடியாமல் போவது இதனால்தான். உங்களுக்குப் பின்னால் வந்தவர் திமிரில் வந்தார் என்று நினைத்திருப்பீர்கள். பெரும்பாலும் அவருக்கு வேறு வழியே இருந்திருக்காது. அந்த இறக்கத்தில் கருகல் வாடை மூக்கில் பட்டால் நான் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, வேகத்தைக் கூட்டித் தப்பிக்க முயலாமல், இடமிருக்கும் முதல் ஓரத்தில் நின்று அந்த லாரியைப் போகவிட்டுவிடுவேன்.

அன்று உங்கள் வண்டியும் உங்களுக்கு உதவியிருக்காது. அம்பாலாவிலிருந்து தர்மபுரி வரை நீங்கள் ஓட்டி வந்தது பெரும்பாலும் நேர்ச் சாலை. பாரமும் பையும் ஏற்றிக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நேராகவே ஓடினால் பின் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். அப்படிப்பட்ட டயர் வளைவில் முதலில் சாய மறுக்கும். வற்புறுத்தினால் திடீரென்று சாயும். லடாக்கின் வளைவுகளில் உங்கள் கைக்கு அடங்கிய அதே வண்டி தொப்பூரில் அந்நியமாக நடந்துகொண்டதன் காரணங்களில் இதுவும் ஒன்று என்பது என் ஊகம். பிரேக் பேடும் மலையிறக்கங்களில் பாதிக்கு மேல் போயிருக்கும். அனந்தபூரில் ஒரு காலைப் பொழுதைச் செலவழித்திருந்தால் இவற்றையெல்லாம் பார்த்திருக்கலாம். ஆனால் "நாளைக்கு வீட்டுக்குத்தானே, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான் கடைசி நாளின் மந்திரம். செயினுக்கு எண்ணெய் விடுவதில் தொடங்கி, தண்ணீர் குடிப்பது வரை எல்லாவற்றையும் வீட்டுக்கு ஒத்திப்போட்டுவிடுகிறோம்.

இனி, நினைவில் இல்லாத நானூறு கிலோமீட்டர். தெரியாத சாலையில் நாம் ஓயாமல் வாசித்துக்கொண்டே ஓட்டுகிறோம். எதிரே வருகிறவர் முகப்பு விளக்கை மினுக்கினால் அதற்கு இந்த மாநிலத்தில் என்ன பொருள், அந்த மாடு நிற்குமா ஓடுமா, வளைவுக்கு அப்பால் மண் சரிந்திருக்குமா என்று ஒவ்வொரு கணமும் மனம் வேலை செய்கிறது. நாக்பூருக்கு வடக்கே பென்ச் காட்டில், விலங்குகள் அடியில் கடந்து போவதற்காகச் சாலையை உயர்த்திக் கட்டியிருக்கும் பகுதியை நீங்கள் நிச்சயம் வேகம் குறைத்துப் பார்த்திருப்பீர்கள். ஓசூர் தாண்டி ஊர்ப் பெயர்ப் பலகைகளெல்லாம் தமிழில் வரத் தொடங்கியதும் வாசிப்பு நின்றுவிடுகிறது. இது நம்முடைய சாலை. கிருஷ்ணகிரிக்குப் பிறகு என்ன, திண்டுக்கல்லுக்குப் பிறகு என்ன என்று நமக்குத் தெரியும். பழைய ஆட்கள் இன்னமும் ஏழாம் நம்பர் ரோடு என்றுதான் சொல்கிறார்கள். 2010இல் எண்களை மாற்றி, ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை 3,700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் 44ஆம் எண் சாலையாக்கிவிட்டார்கள் என்றாலும், மதுரைக்குத் தெற்கே இருப்பவர்களுக்கு அது ஊருக்குப் போகிற ரோடு, அவ்வளவுதான். ஊருக்குப் போகிற ரோட்டை யாரும் பார்ப்பதில்லை. மனம் கோவில்பட்டியில் இருக்கும்போதே வீட்டு முற்றத்தில் செருப்பைக் கழற்றிவிடுகிறது. கைகள் மட்டும் சாலையில் மிஞ்சுகின்றன.

அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பியவருக்குப் பகல் இரண்டு மணிக்கு மேல் கரூர், திண்டுக்கல் வெயிலில் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மனித உடல் பிற்பகலில் இயல்பாகவே மந்தமாகும். அதிர்வில் மணிக்கட்டுகள் மரத்திருக்கும். ஹெல்மெட்டுக்குள் நாள் முழுவதும் காற்றின் இரைச்சல். அந்த நிலையில் கண் திறந்தபடியே சில நொடிகள் மூளை தூங்கும் என்பதைத் தூக்கத்தை ஆராய்கிறவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி என்பது 65 மீட்டருக்கு மேல். உங்கள் நானூறு கிலோமீட்டரில் அப்படி எத்தனை மூன்று நொடிகள் இருந்தன என்பது உங்களுக்கே தெரியாது. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக ஒன்றிய அரசின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 44 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் லடாக்கிலோ ஸ்பிட்டியிலோ இறக்கவில்லை. தமக்கு நன்றாகத் தெரிந்த சாலைகளில்தான் இறந்திருப்பார்கள்.

ஆகவே அந்தச் சாயக்கடையில் நீங்கள் உட்கார்ந்ததை நான் கோழைத்தனமாகவோ வீட்டின்மேல் உள்ள வெறுப்பாகவோ பார்க்கவில்லை. அன்றைய நாளில் நீங்கள் எடுத்த சரியான முடிவு அது ஒன்றுதான், அதையும் நீங்கள் எடுக்கவில்லை, உங்கள் உடல் எடுத்தது. அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் அளவில் திருநெல்வேலி. அறை எடுத்துத் தூங்கிவிட்டுக் காலையில் போயிருந்தால் இன்னும் சரி. நீங்களோ ஒன்பதரை மணிக்குக் கிளம்பி, நாங்குநேரி, வள்ளியூர் வழியாக இருட்டில் போயிருக்கிறீர்கள். ஆடிக் காற்று அடங்கினாலும் ஆவணிக் கடைசி வரை அந்தப் பக்கத்தில் மேற்கிலிருந்து காற்று வீசுவது உண்டு என்பது நாஞ்சில் நாட்டுக்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வள்ளியூர் வரை அது வலப்பக்கத்திலிருந்து தள்ளும். ஒவ்வொரு லாரியும் ஒரு கணம் காற்றை மறைத்துவிட்டு மறுகணம் திறந்துவிடும். காவல்கிணறு விலக்கில் நாகர்கோவிலுக்குத் திரும்பியபின் முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் நேர் எதிரே வரும். காற்றாலைகளை அங்கே கொண்டுபோய் நட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது அல்லவா?

உங்கள் துக்கத்துக்கு வருகிறேன். அதில் பெரும்பகுதி சோர்வுதான். நீங்கள் மறுத்தாலும் நான் அப்படித்தான் நினைக்கிறேன். பதினாறு மணி நேரம் வண்டி ஓட்டியவனுக்கு வரும் எண்ணங்களை அவனுடைய தத்துவமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் சோர்வைக் கழித்தபின்னும் சிறிது மிஞ்சும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அந்த மிச்சத்தைப் பொதுவாகச் சுதந்திரத்தின் முடிவு, வேலைக்குத் திரும்பும் அலுப்பு என்றெல்லாம் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. உங்கள் வண்டியின் எண் பலகையைச் சற்று நினைத்துப் பாருங்கள். நாகர்கோவில் வண்டிகளுக்கு உரிய டி.என். 74 என்ற எழுத்துகளை லேயில் பார்த்தவர்கள் நின்று பேசியிருப்பார்கள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்தோ தேனிப் பக்கத்திலிருந்தோ போய் அங்கே பணியில் இருக்கும் நம் ராணுவ வீரர் யாராவது அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து தமிழில் பேசியிருப்பார்; தேநீர் வாங்கிக் கொடுத்திருப்பார். டெல்லியில் பெட்ரோல் போடும் பையன் அது எந்த மாநிலம் என்று கேட்டிருப்பான். நாக்பூரில் தமிழ்நாடா என்று வியந்திருப்பார்கள். ஹைதராபாதில் அந்த வியப்பு பாதியாகியிருக்கும். பெங்களூரில் டி.என். வண்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பார்த்தால் எரிச்சலோடு பார்ப்பார்கள். ஓசூரில் எல்லாமே டி.என்.தான். கடைசியில், வள்ளியூர் தாண்டினால், 74 கூட யாருக்கும் ஒரு செய்தி அல்ல.

நீங்கள் தெற்கே இறங்க இறங்க அந்தப் பலகை தன் கதையை ஒவ்வோர் ஊராக இழந்துகொண்டே வந்தது. கயத்தாற்றுச் சாயக்கடையில் இருந்தவர்களுக்கு நீங்கள் கோவில்பட்டிக்குப் போய்விட்டு வருகிற ஒருவர். பைகளையும் புழுதியையும் பார்த்தும் அவர்கள் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். நம் பக்கத்தில் அப்படித்தான், வெளியூர்க்காரனிடம் துருவித் துருவிக் கேட்போம், உள்ளூர்க்காரன் என்று தெரிந்தால் விட்டுவிடுவோம். வாரக்கணக்கில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாரோ ஒருவர் கேட்க, நீங்கள் வெகுதொலைவிலிருந்து வந்தவராக இருந்தீர்கள். தனியாகப் போகிறவருக்கு அந்தக் கேள்விகள்தான் துணை. கூட்டமாகப் போகிறவர்கள் கடைசி நாளில் தங்களுக்குள் பேசிக்கொண்டே வருவார்கள், ஒருவருக்கொருவர் சாட்சி. உங்களுக்குச் சாட்சி அந்நியர்கள் மட்டுமே. அவர்கள் கேட்பதை நிறுத்தியதும் நீங்கள் போய் வந்ததற்கே சாட்சி இல்லாததுபோல் ஆகிவிட்டது. (தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இருசக்கர வண்டிக்குக் கட்டணம் கிடையாது என்பதால் அங்கேயும் ஒரு ரசீதுகூடக் கிடைத்திருக்காது. இடப்பக்க ஓரத்தில் மணல் படிந்து கிடக்கும் ஒரு சந்து வழியாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான்.) இதில் கொஞ்சம் தற்பெருமை கலந்திருக்கிறது என்று நான் சொன்னால் நீங்கள் வருந்தக் கூடாது. தற்பெருமை இல்லாமல் யாரும் நாகர்கோவிலிலிருந்து லடாக் வரை வண்டியில் போக மாட்டார்கள். வீட்டின்மேல் வெறுப்பு என்பதற்கு மட்டும் உங்கள் கடிதத்தில் ஒரு சான்றும் இல்லை. வெறுப்பவர் எட்டு மணிக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்து அதற்காக உயிரைப் பணயம் வைக்க மாட்டார்.

பயண எழுத்தாளர்கள் ஏன் கடைசி நாளை எழுதுவதில்லை என்ற கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. எழுதுகிறவரும் அந்த நாளில் அவசரமாகத்தான் இருக்கிறார் என்பது ஒரு காரணம். "மறுநாள் இரவு ஊர் வந்து சேர்ந்தேன்" என்று ஒரே வரியில் எண்ணூறு கிலோமீட்டரைத் தாண்டிவிடுவார்கள். ஆனால் அதைவிட முக்கியமான காரணம் வேறு. லடாக்கின் தங்லங் லா கணவாயில் 5,300 மீட்டர் உயரத்தில் மூச்சு எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதினால் தமிழ் வாசகரில் பெரும்பாலோர் நம்பிக்கொள்வார்கள். சற்றுக் கூட்டி எழுதினாலும் கண்டுபிடிக்க ஆள் இல்லை. தொப்பூரைப் பற்றி எழுதிப் பாருங்கள். அந்த வளைவில் வாரம் இரண்டு முறை இறங்குகிற ஓட்டுநர் ஒருவர் வாசகராக இருப்பார். பரமத்தி வேலூர்ப் பாலத்தைப் பற்றி ஒரு சொல் பிசகினால் நாமக்கல்லிலிருந்து கடிதம் வரும். எழுதுகிறவருக்கு அங்கே தனிச் சலுகை எதுவும் இல்லை. எல்லோரும் பார்த்த சாலையில் தான் மட்டும் பார்த்ததைச் சொல்ல வேண்டும், அது மலையை வர்ணிப்பதைவிடப் பல மடங்கு கடினம். பெரும்பாலான பயணக் கட்டுரைகள் சொந்த மாநில எல்லையில் முடிந்துவிடுவதற்குச் சோம்பலைக் காட்டிலும் இந்த அச்சம்தான் காரணம் என்று நினைக்கிறேன். நீங்கள் எழுத விரும்பினால் லடாக்கை விட்டுவிடுங்கள், அதை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அனந்தபூரிலிருந்து வீடு வரை எழுதுங்கள். நினைவில் இல்லாத பகுதியை நினைவில் இல்லை என்றே எழுதுங்கள். இட்டு நிரப்ப வேண்டாம்.

வண்டியைக் கழுவிவிடுங்கள். உங்கள் மனநிலை எனக்குப் புரிகிறது, ஆனால் செயினில் எண்ணெயோடு கலந்த மணல் உப்புத்தாள் செய்கிற வேலையைச் செய்யும். செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பற்களைத் தின்றுவிடும். பிரேக் காலிப்பரில் படிந்திருக்கும் புழுதி பிஸ்டனை நகரவிடாது. புழுதி வேண்டுமென்றால் பெட்ரோல் டேங்க் மேல் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள், செயினிலும் பிரேக்கிலும் இருப்பதையாவது போக்கிவிடுங்கள். பின் டயரை மாற்றிய பிறகுதான் வேலைக்கு அந்த வண்டியில் போக வேண்டும். புது டயர் முதல் நூறு கிலோமீட்டருக்கு வழுக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தவாங் பயணத்தின் திரும்பும் வழி பெரும்பாலும் கொல்கத்தாவிலிருந்து கிழக்குக் கடற்கரையோரமாக 16ஆம் எண் சாலையில் சென்னை வரைக்கும் வரும். சென்னைக்கு வந்ததும் தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டோம் என்று உங்களுக்குத் தோன்றும். அங்கிருந்து நாகர்கோவில் ஏறக்குறைய எழுநூறு கிலோமீட்டர் என்பதையும், அது கொல்கத்தாவிலிருந்து ஒடிசாவைக் கடந்து ஆந்திரத்துக்குள் நுழைவதற்கு நிகரான தூரம் என்பதையும் இப்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு நாள் எடுத்துக்கொள்ளத் தயங்காத நீங்கள் இங்கேயும் இரண்டு நாள் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் மதுரையில் நிறுத்துங்கள்; முடியாவிட்டால் திருச்சி. அங்கே வண்டியை ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, செயினையும் பிரேக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் நன்றாக விடிந்தபின் கிளம்பினால் மதுரையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். வீட்டில் மணியைச் சொல்லாதீர்கள், கிழமையை மட்டும் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன மணி தாண்டியபின் அம்மா அழைக்கும் ஒவ்வொரு அழைப்பும் உங்கள் வலது கையைத்தான் முறுக்கும். அண்ணன் சத்தம் போட்டதில் தவறில்லை. எட்டு மணி என்று சொன்னவன் நள்ளிரவு வரை வரவில்லை என்றால் அந்த நான்கு மணி நேரம் வாசலில் நின்றது அவர்தானே. இந்தப் பதிலை அவரிடமும் காட்டுங்கள். மதுரையில் தங்கும் செலவை ஏற்றுக்கொள்கிறாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி